எத்தனையா, எவ்வளவா?

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கேட்டுக்கிட்டிருக்குற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் படிக்கிற புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். இங்கிலீஷ்ல மெனி எங்க போடணும், மச் எங்க போடணும், அதான் விஷயம்.

இதுல பாதி நம்ம வாய்க்கு ஏற்கனவே தெரியும். எத்தன வலைன்னு கேப்போம், எத்தன டீசல்னு யாரும் கேக்க மாட்டோம், எவ்வளவு டீசல்னுதான் கேப்போம். எண்ணுற பொருளுக்கு மெனி, அளக்குற பொருளுக்கு மச். அளக்குற பொருளையே எண்ணுற கணக்குக்குக் கொண்டுவந்துட்டா வார்த்தையும் மாறிரும், ஐஸ்னா ஹவ் மச் ஐஸ், அதையே பார் கணக்குல கேட்டா ஹவ் மெனி பார்ஸ் ஆஃப் ஐஸ். மணின்னா இங்கிலீஷ்ல பணம், அதுக்கு மச், ரூபீஸுக்கு மெனி. ராமேஸ்வரம் கோயில்ல தீர்த்தம் 22, அதுக்கு மெனி, தலையில ஊத்துற தண்ணிக்கு மச், வாளிய எண்ணுனா திரும்பவும் மெனி.

நம்ம வாய் ஏமாத்துற எடமும் இருக்கு. லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், இதெல்லாம் நாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவோம், இங்கிலீஷ்காரங்க எண்ண மாட்டாங்க. டூரிஸ்ட் வந்து எறங்குனதும் ஹவ் மெனி லக்கேஜஸ்னு கேக்காதீங்க ஆட்டோ அண்ணே, ஹவ் மெனி பேக்ஸ்னு கேளுங்க, சரியா இருக்கும். அப்புறம் இன்னொண்ணு, வி காட் மச் ஃபிஷ்னு சொன்னா காதுக்கு ஒட்டாது. கேள்வியிலயும் இல்லைங்கிற பேச்சுலயும் மச் நல்லா உக்காரும், நெறைய கெடச்சுதுன்னு சொல்ல எ லாட் ஆஃப் போட்டுருங்க, அது ரெண்டு வகைக்கும் பொருந்தும்.

கொறைவுக்கு ஃபியூவர், லெஸ். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்ப ஃபியூவர் போட்ஸ், லெஸ் இன்கம். பேச்சுல இங்கிலீஷ்காரங்களே ரெண்டையும் மாத்திப் போடுறாங்க, ஆனா புள்ளைங்களா, பரீட்சையில மார்க் போயிரும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது அந்தச் சின்ன எ-வப் பத்தி. வி ஹேவ் எ லிட்டில் டீசல்னா கொஞ்சம் இருக்கு, சமாளிச்சுக்கலாம்னு அர்த்தம். எ-வ விட்டுட்டு வி ஹேவ் லிட்டில் டீசல்னா டீசல் இல்லாத மாதிரிதான், உதவிக்கு வாங்கன்னு ஆயிரும். வயர்லெஸ்ல இரைச்சலோட பேசும்போது, எதுத்தாப்புல இருக்குறவருக்குத் தமிழ் தெரியாதப்ப, அந்த ஒரு எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. அந்த மாதிரி நேரத்துல லிட்டர் கணக்கையே சொல்லிருங்க, டென் லிட்டர்ஸ் லெஃப்ட்னு, சந்தேகமே வராது. எண்ணுற பொருளுக்கும் இதே மாதிரிதான், எ ஃபியூன்னா சிலது இருக்கு, வெறும் ஃபியூன்னா போதாது. லிட்டில் லைஃப் ஜாக்கெட்ஸ்னு மட்டும் சொல்லிறாதீங்க, சைஸ் சின்னதுன்னு நெனச்சுக்குவாங்க, ஃபியூ லைஃப் ஜாக்கெட்ஸ்னாத்தான் ஆளுக்கு ஒண்ணு இல்லைன்னு புரியும்.

நன்றி, வணக்கம்.