எழுதுகோலும் பத்திரிகையும்: ராஜாஜியின் அரசியல் வாழ்க்கை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர் தொரப்பாடியில் குடியிருக்கும் எங்களுக்கு மத்தியச் சிறையின் மதில் அன்றாட வழித்தடத்தில் ஒரு பகுதி. பால் வாங்கப் போனாலும், பாகாயம் பேருந்துக்காக நின்றாலும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அரசியல்வாதியும் பத்திரிகையும் என்ற பொருளில் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மதில்தான். 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், ஒத்துழையாமை இயக்கத்தில் தடையாணையை மீறியதற்காக மூன்று மாத தண்டனை பெற்ற 43 வயது வழக்கறிஞர் ஒருவர் வேலூர்ச் சிறைக்குள் அடைக்கப்பட்டார். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர் தொரப்பாடிக்கு வந்து சேர்ந்தார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்தாம் ராஜாஜி என்று நாம் அழைக்கும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

சிறையில் இருந்த நாள்களில் அவர் நாட்குறிப்பு எழுதினார். 1922 ஜனவரி 24-ஆம் நாள் அதில் அவர் எழுதிய பகுதி இன்றும் பலர் எடுத்துக்காட்டும் பகுதி. சுயராஜ்யம் கிடைத்தவுடன் நல்லாட்சியோ மக்களுக்கு மகிழ்ச்சியோ வந்துவிடப் போவதில்லை என்றும், தேர்தல்களும் அவற்றோடு வரும் ஊழலும் அநீதியும் பணபலத்தின் கொடுமையும் நிர்வாகத் திறமைக் குறைவும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்றும், எல்லோருக்கும் கல்வி கிடைப்பதொன்றே நம்பிக்கைக்கு இடமளிக்கிறது என்றும் அவர் கருதினார். சுயராஜ்யத்துக்காகவே சிறை சென்றவர், அதே சிறையில் உட்கார்ந்து இப்படி எழுதினார் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. மேடையில் அப்போது யாரும் சொல்லத் துணியாத ஒன்றைத் தாளில் எழுதத் துணிந்தவர் அவர். எழுதுகோலை அவர் முழுமையாக நம்பினார். பத்திரிகை என்னும் அமைப்பை அப்படி நம்பினாரா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்வி.

தொடக்கத்தில் அவருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் நல்ல உறவே இருந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, இராசிபுரத்துக்காரரும் பின்னாளில் 'தமிழ்நாடு' என்ற இதழை நடத்தியவருமான டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவின் மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ராஜாஜி. இந்தப் பெயரை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் திரும்ப வரும். 1919-இல் ராஜாஜி சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம் சென்னைக்கு வந்த காந்தியடிகள், தாம் 'இந்து' பத்திரிகையின் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் விருந்தாளி என்றே எண்ணிக்கொண்டிருந்தார். விருந்தளிப்பவர் உண்மையில் ராஜகோபாலாச்சாரியார் என்பதைத் தம் செயலாளர் மகாதேவ தேசாய் விசாரித்துச் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது. காந்தியே தம் வரலாற்றில் இதைக் குறித்திருக்கிறார். பத்திரிகை அதிபர் யார், அரசியல்வாதி யார் என்று விருந்தாளிக்கே குழப்பம் வரும் அளவுக்கு இருவரும் நெருங்கியிருந்த காலம் அது.

வேலூரிலிருந்து 1922 மார்ச் மாதம் அவர் விடுதலையானபோது, காந்தியடிகள் கைதாகியிருந்தார். காந்தியின் 'யங் இந்தியா' இதழின் ஆசிரியப் பொறுப்பைச் சில காலம் ராஜாஜி ஏற்றார். பின்னர் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, 1929-இல் மதுவிலக்கு ஒன்றையே பொருளாகக் கொண்ட 'விமோசனம்' என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. கள்ளுக்கடைக்குப் போகும் ஒருவனைத் திருத்த, கதையும் படமும் போட்டு ஓர் இதழ் நடத்தலாம் என்று நினைத்த தலைவர் நாட்டில் வேறு யார் இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவனிடமும் அது யாராவது வாசித்துக் காட்டினால் போய்ச் சேரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) மதுவிலக்கைச் சட்டமாக்கினார். முதலில் சேலம், மறு ஆண்டு சித்தூரும் கடப்பையும், 1939 அக்டோபரில் நம்முடைய வட ஆற்காடு மாவட்டம் என்று படிப்படியாகக் கடைகள் மூடப்பட்டன. வருவாய் இழப்பை ஈடுகட்ட விற்பனை வரி வந்தது. ஆனால் அதே ஆட்சிக்கு இன்னொரு முகமும் இருந்தது. இந்தி எதிர்ப்பாளர்களை அடக்க, காங்கிரசே முன்பு கண்டித்திருந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தை அவர் கையாண்டார். பம்பாய்ச் சோஷலிஸ்டான பாட்லிவாலாவின் பேச்சுக்காக ராஜத்துரோக வழக்குப் போட்டு, தம் கட்சிக்காரர்களிடமே கண்டனம் வாங்கினார். எழுதுவோரும் பேசுவோரும் தாம் வகுத்த ஒழுங்குக்குள் நிற்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் அப்போதே தெளிவாகத் தெரிந்துவிட்டது.

நாற்பதுகளில் அவர் காங்கிரசை விட்டு விலகியதையும், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்க மறுத்ததையும், அதனால் பெற்ற வசைகளையும் விரிவாகச் சொல்ல நேரமில்லை. 1951-க்கு வருகிறேன்.

சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழுக்குத் தடை விதித்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதையும் அதைப் போன்ற தீர்ப்புகளையும் கண்டு மத்திய அரசு 1951 ஜூன் மாதம் அரசியலமைப்பில் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. பேச்சுரிமைக்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளின் பட்டியலில் 'பொது ஒழுங்கு' என்ற சொல் சேர்ந்தது. பட்டேலின் மறைவுக்குப் பின் உள்துறை அமைச்சராகியிருந்த ராஜாஜி, அதே ஆண்டு பத்திரிகை (ஆட்சேபகரமான விஷயங்கள்) மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தினார். வன்முறையைத் தூண்டும் எழுத்துக்கும் ஆபாசமான எழுத்துக்கும் அச்சகத்திடமும் பதிப்பாளரிடமும் ஈட்டுத்தொகை, அதாவது பிணையாக வைக்கும் பணம், கேட்கவும், அதைப் பறிமுதல் செய்யவும் அந்தச் சட்டம் வழி வகுத்தது.

அவர் பக்கத்தில் ஒரு வாதம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்து 1931-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அதிகாரம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. புதிய சட்டத்தில் செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்வார், பத்திரிகை அனுபவம் உள்ளவர்களைக் கொண்ட ஜூரியையும் எதிர்த் தரப்பினர் கேட்கலாம். எனவே பழையதைவிட இது மேலானது என்பது உண்மைதான். பத்திரிகை ஆசிரியர்களோ, குற்றம் செய்தால் நாட்டின் பொதுச் சட்டம் இருக்கிறது, எங்களுக்கென்று தனியே ஒரு சட்டம் எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியானதாகப் படுகிறது. 1930-இல் ஈட்டுத்தொகை கட்ட மறுத்ததால்தான் 'யங் இந்தியா' அச்சான நவஜீவன் அச்சகம் பறிமுதலானது. தாம் ஆசிரியராக இருந்த இதழ் நசுக்கப்பட்ட அதே முறையைச் சற்று மெருகேற்றி அவர் மீண்டும் கொண்டுவந்தார் என்பதை எப்படி மறைப்பது? குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வந்த அந்தச் சட்டம் ஒரு முறை நீட்டிக்கப்பட்டு, 1956-இல் தானாகவே காலாவதியானது.

1952 ஏப்ரலில் அவர் சென்னை முதலமைச்சரானார். தேர்தலில் நிற்காமல் மேலவை நியமனத்தின் வழியாக வந்தார் என்ற குறை முதல் நாளிலேயே ஒட்டிக்கொண்டது. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதற்குப் பாராட்டும் கிடைத்தது. 1953-இல், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படித்துவிட்டு, மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரே பள்ளியில் இரண்டு முறை (ஷிப்டு) வைத்தால், இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. சட்டமன்றத்திலும் கட்சியிலும் பத்திரிகைகளிலும் முன்கூட்டி எடுத்துச் சொல்லி ஒப்புதல் தேடாமல், அரசு ஆணையாகவே அதைக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டுகள் எழுதிப் பழகிய ஒருவர், எழுத்து மிக வேண்டியிருந்த இடத்தில் அதைப் பயன்படுத்தாமல் விட்டது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அரசு அதற்கு இட்ட பெயர் 'திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் குலக்கல்வி. பெரியாரின் 'விடுதலை'யும் அண்ணாவின் 'திராவிட நாடு'ம் அந்தச் சொல்லைச் சிற்றூர்தோறும் கொண்டுசேர்த்தன. அரசு வைத்த பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. குலக்கல்வி என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் குடும்பம் குடியாத்தத்தில் கைலி நெய்த குடும்பம். அந்த நாள்களில் கடைத்தெரு முடிதிருத்தகத்தின் நீளப் பலகையில் 'விடுதலை' கிடக்கும், ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று தில்லியோடு வாதாடியவர் ராஜாஜி என்பதால், நெசவாளரான தாத்தாவுக்கு அவர்மேல் நன்றி உண்டு. இருந்தும் குலக்கல்வி என்ற சொல்லை அவர் கேட்டபோது, தறிக்குழியில் கால் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாராம். மூலையில் உட்கார்ந்து இராட்டையில் தார் (ஊடைநூல்) சுற்றிக்கொண்டிருந்த பையன் என் அப்பா. "திட்டம் வராமலேயே இவன் தார் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிற அந்த ஐந்து மணி நேரமாவது மிச்சமிருக்கட்டும்" என்று தாத்தா சொன்னார். பத்திரிகைகள் அந்தச் சொல்லை ஊதிப் பெருக்கின என்று பின்னாளில் சிலர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். சொல்லைப் பத்திரிகை கொடுத்தது. அதற்கான பொருள் எங்கள் வீட்டு மூலையில் முன்பே இருந்தது.

காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. ராஜாஜி பதவி விலக வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களைத் திரட்டியவர்களில் முன் நின்றவர் வரதராஜுலு நாயுடு, ராஜத்துரோக வழக்கில் ராஜாஜி யாருக்காக வாதாடினாரோ அவரேதான். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராசர் முதலமைச்சராகி, குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். அவர் சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்ததால், இடைத்தேர்தலில் போட்டியிட்டு வென்றது நம் குடியாத்தம் தொகுதியில்தான். பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள்.

பதவி போன அதே ஆண்டில் ராஜாஜி 'கல்கி' இதழில் இராமாயணத்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். சக்கரவர்த்தித் திருமகன் என்ற அந்தத் தொடர் நூலாகி, 1958-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. குலக்கல்வியை எதிர்த்த எங்கள் வீட்டில், வாரந்தோறும் அத்தை அதை உரக்கப் படிக்க, தாத்தா தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். முதலமைச்சராக இருந்தபோது அவர் சொன்னதைக் கேட்காத வீடு, கதை சொன்னபோது கேட்டது.

1956-இல் காசா சுப்பாராவ் தொடங்கிய 'ஸ்வராஜ்யா' ஆங்கில வார இதழில் ராஜாஜி எழுதிய பத்திகள் வேறு வகை. வாசகருக்குக் கடிதம் எழுதும் பாங்கில், உரிமமும் பெர்மிட்டும் இல்லாமல் ஒரு காரியமும் நடவாத பொருளாதாரத்தை அவர் வாரந்தோறும் கண்டித்தார். 1959-இல் சுதந்திராக் கட்சி பிறந்தபோது, அந்தப் பத்திகளே அதன் மேடையாயின; 1967-இல் மக்களவையில் 44 இடங்களை வென்றது அந்தக் கட்சி. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் காலாவதியாகாமல் இருந்து, கடுமையான ஓர் ஆட்சியாளர் கையில் அகப்பட்டிருந்தால், அந்தப் பத்திகளில் எத்தனை தப்பியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன். அவர் அதை யோசித்ததாக எங்கும் நான் படித்ததில்லை.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கை ஒத்திவைக்க அரசு முடிவு செய்தது. அப்போது முதலமைச்சர் மு. கருணாநிதி; 'முரசொலி'யைத் தொடங்கி வளர்த்தவர், ராஜாஜியைப் போலவே எழுதாமல் இருக்க முடியாதவர். பத்தி எழுதினால் போதாது என்று ராஜாஜி இந்த ஒரு முறை முடிவு செய்தார். 92 வயதில், கருணாநிதியின் வீட்டுக்கு நேரில் சென்று, கடைகளைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. வட ஆற்காட்டில் அவர் முதன்முதலில் கடைகளை மூடி அப்போது ஏறக்குறைய 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நன்றி, வணக்கம்.