நஞ்சேறிய மண்ணில் வேருக்குத் துணை

(மட்டக்களப்பின் படுவான்கரைக் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெரியோர்களே, தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கௌபி வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பூக்கிற பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து வேரை அலசிப் பாருங்கள். கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் என்ற பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

முடிச்சுப் போடாமல், வேரில் ஒட்டிய மண்ணிலேயே குடியிருக்கிற பக்டீரியாக்களும் உண்டு. சூடோமோனாஸ், பசிலஸ், அசோஸ்பிரில்லம் எல்லாம் அந்தக் கூட்டம். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று, பதிலுக்கு வேர் வளர உதவுகின்றன. நஞ்சேறிய மண்ணில் இவை செடிக்கு எப்படித் துணை நிற்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்தேன்.

கராஜின் பின்பக்கம் கழிவு ஒயில் ஊற்றிய நிலத்தையும், பழைய பட்டரி உடைத்த வளவையும் பார்த்திருப்பீர்கள். புல்கூட ஒழுங்காக முளைக்காது. அப்படிப்பட்ட மண்ணைச் செடியை வைத்தே சுத்தம் செய்யலாம் என்று உலகில் பல இடங்களில் முயன்றிருக்கிறார்கள். கடுகுச் செடி ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சும். ஆர்சனிக்கை இலையில் சேர்த்து வைக்கிற ஒரு பன்னத்தைப் பற்றி 2001இல் அறிவித்தார்கள்.

ஆனால் நஞ்சு மண்ணில் செடி முதலில் உயிர் பிழைக்க வேண்டுமே! நெருக்கடி வந்தால் செடி தனக்குள்ளே எத்திலீன் வாயுவை அதிகமாகச் சுரக்கும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். அது கூடினால் வேர் நீளுவதை நிறுத்திவிடும். சில பக்டீரியாக்களோ எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே உடைத்துத் தமக்கு உணவாக்கிவிடுகின்றன. வாயு குறைகிறது, வேர் மறுபடியும் இறங்குகிறது.

1998இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேர்னாட் கிளிக் என்ற ஆய்வாளரும் கூட வேலை செய்தவர்களும் நிக்கல் என்ற உலோகம் கலந்த மண்ணில் இதைக் காட்டினார்கள். பக்டீரியா பூசிய கனோலா, அதாவது கடுகு இனத்து எண்ணெய்ச் செடி, நிக்கலின் பாதிப்பு குறைந்து வளர்ந்தது. ஆனால் ஒவ்வொரு மில்லிகிராம் செடியிலும் இருந்த நிக்கல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. அந்த பக்டீரியா நஞ்சைத் தின்னவில்லை, செடியைத்தான் காத்தது. செடி பெரிதாக வளர்ந்தால், அது மண்ணிலிருந்து எடுக்கிற மொத்த அளவும் பெருகும்.

ஒயில் கதை வேறு. அதை பக்டீரியாவே உடைத்து உண்ணும். காற்றும் ஈரமும் நைதரசனும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்த மண்ணைக் கிளறி, கூட்டெரு போட்டு, ஆழமாக வேர்விடும் வெட்டிவேரை நடுவது நல்ல தொடக்கம். உலோகம் அப்படி அழியாது. மண்ணிலிருந்து செடிக்குப் போகும், அங்கேயே நிற்கும். ஆகவே அறுத்த செடியை மாட்டுக்குப் போடக்கூடாது, கூட்டெருக் குழியிலும் போடக்கூடாது, வளவில் எரிக்கவும் கூடாது. தனியாகக் கட்டி, மழை படாமல் வைத்து, அப்புறப்படுத்த வழி கேளுங்கள். இதற்கு ஏற்பாடு இல்லாமல் ஒரு விதைகூட ஊன்றாதீர்கள்.

வயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொஸ்பேற்றுப் பசளைகளில் கட்மியம் கொஞ்சம் கலந்திருக்கும். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் வட்டையில் தண்ணீர் நின்றால் நெல் கட்மியத்தைக் குறைவாகவே எடுக்கும். தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிட்டால் கூடுதலாக எடுக்கும். ஆர்சனிக் உள்ள மண்ணிலோ இது தலைகீழ். அதனால்தான் மண் பரிசோதனை முதலில் வர வேண்டும் என்கிறேன். எந்த நஞ்சு, எவ்வளவு என்று தெரியாமல் போத்தலில் விற்கிற பக்டீரியாவை வாங்கி ஊற்றுவது காசுக்குக் கேடு. சந்தேகமான துண்டின் மண்ணைப் பல இடத்தில் எடுத்துக் கலந்து, கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய், எங்கே பரிசோதிக்கலாம் என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். செடி வைத்து அறுத்த பிறகு அதே துண்டில் மறுபடியும் மண் எடுங்கள்.