இஸ்பிரீத்து சாந்து என்று சொன்னவர்கள்

(தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, பங்குப்பேரவைப் பெரியவர்களே, அன்பியங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

மாதா கோயில் என்றால் எல்லோரும் கட்டடத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். 1707 ஏப்ரல் மாதம் இடி விழுந்து உயிர் தப்பிய விஜிலியுஸ் மான்சி சுவாமி, நேர்ந்துகொண்டபடி எழுப்பிய கோயில் இது. 1713 ஆகஸ்ட் 5ஆம் தேதி அர்ச்சிக்கப்பட்டது. தங்கத் தேர் 1806இல் வந்தது. 1982இல் பசிலிக்கா ஆனது. இதெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பேச வந்தது இந்தச் சுவர்களுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்களைப் பற்றி.

என் பாட்டி காலையில் எழுந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவினுடைய நாமத்தினாலே" என்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளில் கோயிலில் "தந்தை, மகன், தூய ஆவி" வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கற்ற தைரியத்தில் ஒருநாள் பாட்டியைத் திருத்தப் போனேன். அவள் கோபப்படவில்லை. "எங்க அம்மா எனக்குச் சொல்லித் தந்தது அப்படித்தான்ய்யா" என்றாள். அவ்வளவுதான். அந்த இஸ்பிரீத்து சாந்து போர்த்துக்கீசியர் வாயிலிருந்து கப்பலேறி வந்து, முத்துக்குளித்துறைக் கரையில் இறங்கி, மீன் காயப்போடும் முற்றங்களைத் தாண்டி, ஓர் எழுத்தறியாத பெண்ணின் விடியற்காலைக்குள் வந்து சேர நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?

யோசித்துப் பாருங்கள். தெருமுனையில் சிலுவை நிற்கும் இடம் குருசடி. அதிலுள்ள குருசு போர்த்துக்கீசியர் சொல். தவக்காலத்தில் போடும் பாஸ்கு நாடகம், பக்திச் சபையான கொம்பிரியார் சபை, பாதிரியார், எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் வீட்டுப் பெயர்களைச் சொல்லவே வேண்டாம், பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது என்று ரேஷன் அட்டை வரை வந்து நிற்கின்றன. வானதூதரைச் சொல்லும் சம்மனசு, மோட்சம், பாவ அறிக்கையைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், புனிதரைச் சொல்லும் அர்ச்சியசிஷ்டவர் எல்லாம் வடமொழி வழியில் வந்தவை. இரண்டும் ஒரே செபத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சண்டை போட்டதே இல்லை.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1542இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். மந்திரத்தைப் பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்குப் பின் வந்தவர் அண்டிரிக்கி அடிகள், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். இவர் தமிழைப் படித்தார், எழுதினார், இலக்கணமும் செய்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் கொடுத்ததுதான். இந்திய மொழி ஒன்றில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது. மொத்தம் 16 பக்கம். யாருக்காக? முத்துக்குளித்தும் மீன் பிடித்தும் பிழைத்த இந்தக் கரை மக்களுக்காக. அதில் கடவுளுக்குப் பெயர் தம்பிரான். பிறகு மதுரையில் தத்துவ போதகர் நொபிலி சுவாமி பரப்பிய சர்வேசுரன் வந்தது. இன்றைக்கு இறைவன் என்கிறோம். தம்பிரான், சர்வேசுரன், இறைவன்: உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் இறங்குவதுபோல, நம் தமிழ் ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர் இல்லை, குருக்களுக்கு ஊரில் இடமில்லாமல் போயிற்று. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. அந்த நாட்களில் இந்த விசுவாசத்தை எது பிடித்து வைத்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கோயில் எழும்பிய 1713லும் ஊர் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. கல் அடுக்குவதற்கு முன்பே வாயில் கோயில் கட்டி வைத்திருந்தார்கள் அந்தப் பெண்கள்.

சொற்களை மாற்றியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இதில் தெளிவாக இருக்க விரும்புகிறேன். 1960களுக்கு முன் பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று ஏதோ சொல்ல, சனங்கள் கீழே செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழில் வந்தது, திருப்பலி ஆனது. படிக்காத மீனவனுக்கும் பீடத்தில் சொல்வது புரிந்தது. அது பெரிய விடுதலை. 1995இல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபோது இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார். புராட்டஸ்டண்டு சகோதர சபையாரோடு ஒரே நூலைப் படிக்கிறோம், நல்லதுதான். ஆனால் இராயப்பர், சின்னப்பர் என்று நம் வீடுகளில் இன்னும் பிள்ளைகளுக்குப் பெயர் இருக்கிறதே, அந்தப் பிள்ளைக்குத் தன் பெயர் யாருடையது என்று தெரிய வேண்டாமா?

என் வருத்தம் இதுதான். புதிய சொல் வந்த நாளில் பழையதை யாரும் எடுத்து வைக்கவில்லை. பழைய செபப் புத்தகங்களைக் கரையானுக்குக் கொடுத்தோம். ஞானஸ்நானப் பதிவேட்டைச் சான்றிதழ் வாங்க மட்டும் திறக்கிறோம். கரையில் வள்ளத்தைத் தள்ளும்போது "சேசுவே, மரியே, சூசையே" என்று தோள் கொடுத்த கிழவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். தம்பிமார்களே, உங்கள் கையில் போன் இருக்கிறது. தேரையும் கொடியேற்றத்தையும் படம் பிடிக்கிறீர்கள், பிடியுங்கள். திருவிழா முடிந்ததும் வீட்டில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொல்லும் செபத்தைப் பதிவு செய்யுங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். நான் செய்த தவறு அது.

பாட்டியின் கடைசி நாட்களில் எங்கள் வீட்டில் இரவு செபமாலை சொல்வோம். முன்பாதியைச் சொல்பவள் அவள். குரல் மெலிந்துவிட்டது, ஆனாலும் விடமாட்டாள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்குவாள். என் தங்கை அப்போது சின்னப் பிள்ளை, கோயிலில் கற்ற புதுச் செபம்தான் அவளுக்குத் தெரியும். "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக இப்போதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்று முடிப்பாள். பாட்டி மறுபடி பழையதில் எடுப்பாள், இவள் புதியதில் முடிப்பாள். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே போகும். ஒருநாள் பத்தின் நடுவில் பாட்டிக்கு அடுத்த சொல் வரவில்லை. உதடு அசைகிறது, குரல் இல்லை. தங்கை கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராத அந்த முன்பாதியைப் பாட்டியின் ராகத்திலேயே எடுத்தாள்: "பிரியதத்தத்தினாலே..."

நன்றி, வணக்கம்.