கணக்கு நோட்டு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். வணிகவியல் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு ஊர்ப்பணிக்கு வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். என் ஊர்ப்பணி எல்லாமே கணக்கு நோட்டைச் சுற்றித்தான். ஆகவே அதையே பேசுகிறேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். காய் பறித்தால் வேலந்தாவளம் சந்தை. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் வாசலுக்கே பைக்கில் வந்து கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டி என்பார்கள், எங்கள் பக்கம் பிளேடு.

சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகும் ஒரு அக்கா. பத்தாயிரம் கடன் என்று பேச்சு, கையில் கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். இது என்ன வட்டி தெரியுமா என்று கேட்டேன். "வட்டிதான் முன்னாலயே புடிச்சுக்கிட்டாங்களே டீச்சர், அப்பறம் என்னங்க கணக்கு? நூத்துக்குப் பதினஞ்சு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் வீட்டிலேயே புளியங்கொட்டை இருந்தது. ஒரு கொட்டை ஐந்நூறு ரூபாய் என்று வைத்து, பதினேழு கொட்டையை அவர் முன்னால் வைத்தேன். நேயர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பதினேழு கொட்டை. முதல் வாரம் ஆயிரம் கட்டுகிறார், இரண்டு கொட்டை போயிற்று, மீதி பதினைந்து. அடுத்த வாரம் பதின்மூன்று. அப்படியே ஐந்தாவது வாரம் கட்டி முடித்தால் ஏழுதான் மிச்சம். அந்த அக்காவே எடுத்து எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். எட்டாவது வாரம் கட்டியதும் ஒரே ஒரு கொட்டை. ஒன்பதாவது வாரத்துக்கு இரண்டு வேண்டும், கையில் ஒன்று. "இனி எங்கிருந்துங்க எடுக்கறது?" என்று என் முகத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் விற்ற காசிலிருந்து மூன்று கொட்டை, அதாவது ஆயிரத்து ஐந்நூறு, போட்டால்தான் பத்து வாரம் முடியும்.

எட்டாயிரத்து ஐந்நூறு முழுசாக அவர் கையில் இருந்தது முதல் வாரம் மட்டும்தான். பத்து வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக அவர் புழங்கியது நாலாயிரத்துச் சொச்சம். அந்த நாலாயிரத்துச் சொச்சத்துக்கு எழுபது நாளில் ஆயிரத்து ஐந்நூறு வட்டி! ஆண்டுக்குப் போட்டால் நூற்றைம்பது சதவீதத்தைத் தாண்டும். இதை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். பிடித்துக்கொண்டது எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த வாரம் உங்கள் கையில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்.

2014-ல் கேரளப் போலீஸ் ஆபரேஷன் குபேரா என்று வட்டிக்காரர்களைத் தேடித்தேடிப் பிடித்தது. நல்ல காரியம். ஆனால் அவசரம் என்று ஒன்று இருக்கும்வரை கடனும் இருக்கும், வேறு கடன் கிடைக்க வழி வேண்டும். 2018-ல் எங்கள் மாவட்டத்தில்தான் முற்றத்தெ முல்ல திட்டம் தொடங்கியது. கூட்டுறவு வங்கிப் பணம், கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் வழியாக வீட்டு வாசலுக்கு வரும், வட்டி ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம். அதே எட்டாயிரத்து ஐந்நூறை அதே பத்து வாரத்துக்கு வாங்கினால், எப்படிக் கணக்குப் போட்டாலும் வட்டி இருநூறு ரூபாயைத் தொடாது. எங்கே ஆயிரத்து ஐந்நூறு, எங்கே இருநூறு!

குடும்பஸ்ரீ 1998-ல் மலப்புறத்தில் தொடங்கியது. தெருவில் பத்திலிருந்து இருபது பெண்கள் வரை சேர்ந்தால் ஒரு அயல்கூட்டம். வாரச் சேமிப்பு, உள்ளுக்குள் கடன், வங்கிக் கடன் எல்லாம் அதன் வழியாக. எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. மினிட்ஸ் நோட்டை, அதாவது கூட்டக் குறிப்பையும் கணக்கையும், மலையாளத்தில் எழுதுவார்கள். மலையாளம் படித்த ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எழுதுகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வாசிக்கத் தெரியாத நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிற பெண், தன் காசுக்கே அந்நியமாகிவிடுகிறாள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் நான் செய்வது ஒன்றே ஒன்று. அவரவர் பக்கத்தை அவரவரே வாய்விட்டு வாசிக்க வேண்டும். எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதானே? போன வாரம் இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு, மீதிக் கடன் இவ்வளவு. பக்கத்தில் தமிழிலும் எழுதிக்கொள்ளலாம். கேரளத்தில் 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. அரசுக்கே தமிழில் எழுதலாம் என்றால் நம் நோட்டில் எழுத என்ன தயக்கம்? வாசிக்க ஆரம்பித்த கூட்டங்களில் கேள்வி வரும். கேள்வி வந்தால் சச்சரவும் கொஞ்சம் வரும், வரட்டும்.

வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் நாற்பத்திரண்டு பேருக்குச் சொந்தப் பணம் இருபத்தேழு டாலர் கொடுத்ததை எல்லாரும் சொல்வார்கள். பொருளாதாரப் பேராசிரியர் அவர், என் இனம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வேலை. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுக்க வைத்தார். பட்டியல் முதலில், பணம் பிறகு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன், கொடுக்கப் பணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருக் கூட்டத்தில் போய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், வாசிக்க வையுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பால் சங்கக் கணக்கைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலுக்கு விலை லிட்டரை மட்டும் வைத்து அல்ல. கொழுப்பும், கொழுப்பு நீங்கலான சத்தும் எவ்வளவு என்று அளந்துதான் போடுகிறார்கள். அந்த இரண்டு எண்ணும் பால் ஊற்றும்போது தரும் சீட்டில் இருக்கும். சீட்டைக் கசக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வையுங்கள், பட்டுவாடா நாளில் கூட்டிப் பாருங்கள். வணக்கம்.