எதிர்காற்றில் ஓடும் பையன்

வணக்கம். ஏழு வயதுப் பையன் ஒருவன் ஏரிக்கரையிலிருந்து மேட்டில் இருக்கும் வீட்டைப் பார்த்து ஓடுகிறான். நேராக இல்லை, வயலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், மறுபடி இந்த ஓரம் என்று கோணல்மாணலாக. அம்மா கையில் தந்தியோடு நிற்கிறார், அவனுக்கோ அவசரம். ஆனாலும் நேரே ஓட முடியாது, ஏனென்றால் அவன் அப்போது பாய்மரக் கப்பல், எதிர்காற்றில் கப்பல் நேரே போகாதே!

ஆர்தர் ரான்ஸம் 1930-இல் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், பெரியவர் துணையில்லாமல் படகோட்டிப் போய்த் தீவில் தங்கலாமா என்று நான்கு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கடற்படையில் இருக்கும் அப்பாவின் பதில்தான் அந்தத் தந்தி: மடையர்களாக இருப்பதைவிட மூழ்குவதே மேல், மடையர்கள் இல்லையென்றால் மூழ்க மாட்டார்கள். நம் வீட்டில் இப்படியொரு தந்தி வந்தால் பாட்டி அப்பாவைத்தான் முதலில் கரையேற்றுவார்.

கதையில் ஒரு திருட்டு உண்டு, சரி. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. தீவின் துறைமுகத்தில் தண்ணீருக்கடியில் பாறைகள். இரவில் எப்படி உள்ளே வருவது? கரையில் முன்னே ஒரு அடிமரத்திலும் பின்னே ஒரு கவட்டை மரத்திலும் விளக்கு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் பாதை சரி, விலகினால் படகு விலகிவிட்டது. அவ்வளவுதான், மாலுமிகள் நிஜமாகவே செய்கிற வேலை. பிள்ளைகளுக்குப் புரியாது என்று ரான்ஸம் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

சாகசத்துக்கு அவர் வாழ்க்கையில் பஞ்சமில்லை. ரஷ்யப் புரட்சியின்போது அங்கே நிருபர், லெனினைத் தெரியும், இன்னொரு புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் செயலாளர் எவ்கேனியாவைக் காதலித்தார். 1919-இல் அவரை அழைத்துவரப் போர்முனையைக் கடந்தபோது, புகைபிடித்துக்கொண்டு நிதானமாக வருகிறவனை யாரும் சுட மாட்டார்கள் என்ற கணக்கில் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டே நடந்தாராம்! அப்படிப்பட்டவர் வந்து உட்கார்ந்து எழுதியது கூடாரம், கயிறு, முட்டைப் பொரியல்.

அப்புறம் தொடக்கத்தில் ஓடிவந்த அந்தப் பையன், ரோஜர். சிரியாவின் அலெப்போவிலிருந்து 1928-இல் ஏரி மாவட்டத்தின் கோனிஸ்டன் ஏரிக்கு வந்த அல்டௌன்யன் குடும்பத்துப் பையன், கதையில் அதே பெயரில் வருகிறான். வளர்ந்து மருத்துவரானார், கூடவே ஆஸ்துமா. கினிப்பன்றி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் அதன் முடியிலிருந்து எடுத்த சாற்றையே மூச்சில் இழுத்து மூச்சிரைப்பு வரவழைத்துக்கொண்டு, மருந்துகளைத் தன் மேலேயே சோதித்தார். 1960-களில் அதிலிருந்து வந்ததுதான் இன்டால் என்ற ஆஸ்துமா மருந்து. அந்தத் தூளை உள்ளிழுக்கும் குழாய்க்குள் விமானத்தின் சுழல்விசிறி மாதிரி ஒரு குட்டி விசிறி சுழன்றது. இரண்டாம் உலகப் போரின்போது விமானம் ஓட்டியவர் அல்லவா.