பட்டனை அழுத்தினால் அசையாத பழைய கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். பல வீடுகளில் ஒரு மூலையில் துணி போர்த்திய பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். ஒருநாள் பட்டனை அழுத்தினால் அசையாது. ரிப்பேருக்குக் கொண்டுபோனால், "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை உடனே நம்ப வேண்டாம். மதர்போர்டை, அதாவது எல்லா பாகங்களும் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய பலகையை, குற்றம் சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சில்லறைச் செலவில் முடிகிறவை.

முதலில் பெட்டி கிளம்பும்போது எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். லைட்டே எரியவில்லையா? ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறதா? அல்லது எழுத்து வந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லையா? மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

லைட்டே இல்லையென்றால், யு.பி.எஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பேட்டரி செத்த யு.பி.எஸ்தான் பல வீடுகளில் வில்லன். பெட்டியின் பின்னால் எஸ்.எம்.பி.எஸ்ஸில், அதாவது உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையில், பெரும்பாலும் ஒரு சுவிட்ச் இருக்கும். துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். சில பழைய எஸ்.எம்.பி.எஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கும். நம் ஊர்க் கரண்டுக்கு அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்துப் போட்டால் எஸ்.எம்.பி.எஸ் வெடித்துவிடும்.

அடுத்து முன்பக்கப் பட்டன். பல வருடம் அழுத்தி அழுத்தி அதன் உள்ளே தேய்ந்திருக்கும். பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டில் சேரும் இடத்தில், அந்தச் சொருகியை உருவிவிட்டு, இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது ஐந்து வோல்ட் அளவுதான், ஷாக் அடிக்காது. பெட்டி கிளம்பினால் பட்டன்தான் பழுது.

கிளம்பவில்லையா? பிளக்கைப் பிடுங்குங்கள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரை, அதாவது 24 பின் அல்லது பழையதில் 20 பின் உள்ளதை, உருவுங்கள். அதில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வளைத்த பேப்பர் கிளிப்பின் ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையை ஏதாவது ஒரு கறுப்பிலும் செருகுங்கள். சுமையே இல்லாமல் இயக்காமல், எஸ்.எம்.பி.எஸ் ஒயரில் ஒரு பழைய டிவிடி டிரைவையாவது மாட்டி வையுங்கள். இப்போது கரண்ட் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது. மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். எல்லை தாண்டினால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றுங்கள். அதைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

இனி இரண்டாவது நிலை, ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. மானிட்டர் கேபிளைச் சரிபார்த்துவிட்டு ரேமை, அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பட்டையை, பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்சக் கரண்டைப் போக்குங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் துடைத்து, செருகும் இடத்தின் ஓரக் காதுகள் 'டக்' என்று மூடும்படி அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு நல்ல சோதனை. ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். உள்ளே சின்ன ஸ்பீக்கர் இருந்து, விட்டுவிட்டு பீப் வந்தால், பிராசசரும் மதர்போர்டும் உயிரோடு இருக்கின்றன. ரேமைத் தேடிப் புலம்புகின்றன. ஸ்பீக்கர் இருந்தும் சத்தமே இல்லையென்றால் நாணய பேட்டரியைக் கவனியுங்கள். சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், மூன்று வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதை ஐந்து நிமிடம் கழற்றிவைத்துப் புதியதைப் போடுங்கள். கடிகாரம் தப்பாகக் காட்டும் பெட்டிகளுக்கு இது அவசியம். சில மதர்போர்டுகள் இந்த பேட்டரி இறங்கினால் கிளம்பவே அடம்பிடிக்கும்.

இப்போது கெப்பாசிட்டர். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. கரண்டைத் தேக்கிச் சீராகக் கொடுப்பவை, பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்ன உருளைகள் அவை. தலை தட்டையாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சில வருடங்கள், உள்ளிருக்கும் திரவத்தின் கலவை சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அந்தத் திரவம் அலுமினியத்தை அரித்து வாயு கிளப்பும். வாயு அழுத்தத்தால் தலை புடைக்கும், தலையில் உள்ள வெட்டுக் கோடு வழியே பழுப்புக் கசிவு வரும். டார்ச் அடித்துப் பாருங்கள், புடைத்த தலை கண்ணில் படும். நல்ல கெப்பாசிட்டரும் வருடக்கணக்கான வெக்கையில் காய்ந்துபோகும். அப்போது பெட்டி நாலைந்து தடவை அழுத்தினால்தான் கிளம்பும், ஃபேன் ஒரு நொடி சுற்றி நிற்கும், அல்லது கொஞ்சம் சூடான பிறகே ஓடும். அதைப் பார்த்து மதர்போர்டே போய்விட்டது என்கிறார்கள். மறுபடி சொல்கிறேன், உருளைகளைப் பார்க்காமல் மதர்போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான், வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல், 105 டிகிரி சூடு தாங்கும், லோ இ.எஸ்.ஆர்., அதாவது உள் மின்தடை குறைந்த, வகை. கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டின் குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு இந்தப் பல அடுக்கு போர்டில் ஈயம் எளிதில் உருகாது. இழுத்தால் துளையின் செம்பு பிய்ந்துவிடும். கை பழகாதவர்கள் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். கெப்பாசிட்டர் மாற்றுவது அவர்களுக்குப் பழகின வேலை.

நேரம் நெருங்குகிறது, மீதியைச் சுருக்குகிறேன். கிளம்பிய சில நொடிகளில் அணைந்தால் பிராசசர் மேல் உள்ள ஹீட் சிங்க்கை, அதாவது சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியை, அசைத்துப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று விட்டிருந்தாலும் சூடேறி அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

எழுத்து வந்து விண்டோஸ் வரவில்லையா? முதலில் பென் டிரைவ் ஏதாவது மாட்டியிருந்தால் எடுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி மாட்டுங்கள், டேட்டா கேபிளை மாற்றியும் பாருங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். உள்ளே போட்டோக்கள், கணக்குகள் இருந்தால் உடனே அணைத்து, டிஸ்க்கை மட்டும் கழற்றி, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வணக்கம்.