கேபிளைப் பிடுங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன விமானத்தை எப்படி நிறுத்துவார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? காரைப் போலச் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் என் நண்பர் ஒருவர் செஸ்னா 172 ஓட்டுகிறார். நான்கு பேர் உட்காரலாம். முதல் முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தபோது கவனித்தேன். தரையிறங்கி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். முதலில் ரேடியோ வகையறாக்களை அணைத்தார். அப்புறம் சிவப்புக் குமிழ் ஒன்றை வெளியே இழுத்தார். எரிபொருள் வரத்து நின்றது. சிலிண்டரில் மிச்சம் இருந்ததை எரித்துவிட்டு இன்ஜின் தானே ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் சாவி. கடைசியாக, விமானத்தின் மின்சாரத்தையே துண்டிக்கும் மாஸ்டர் ஸ்விட்ச்.

இவ்வளவு நிதானமாக விமானத்தை நிறுத்திய மனிதர், கண்ணாடி ஓரம் இருந்த ஒரு சின்னப் பெட்டியின் கேபிளை மட்டும் படக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டார். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அது ஒரு ரிசீவர். இன்றைய விமானங்கள் தாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் தாமே ஓயாமல் அறிவித்தபடி பறக்கின்றன. ஏ.டி.எஸ்-பி என்று பெயர். உலகம் முழுக்க இதற்கு 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அமெரிக்காவில் தாழப் பறக்கும் சிறு விமானங்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸும் உண்டு. இலவச வானிலைத் தகவலும் அதிலேயே வருகிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பரப்பில் பறக்க வேண்டுமானால் இப்படி அறிவித்தே ஆக வேண்டும். அடுத்தவர் அறிவிப்பைக் கேட்பது மட்டும் அவரவர் விருப்பம். கேட்க நினைக்கிறவர்கள் கருவி வாங்கலாம், அல்லது சொந்தமாகச் செய்துகொள்ளலாம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று, டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட யு.எஸ்.பி. டாங்கிள் இரண்டு, ஒரு மெமரி கார்டு, 2015-ல் வந்த ஸ்ட்ராடக்ஸ் என்ற இலவச மென்பொருள். அவ்வளவுதான். பக்கத்தில் யார் பறக்கிறார்கள் என்பது வைஃபை வழியாக டேப்லெட்டில் தெரியும். முறையான சான்று பெற்ற கருவி இல்லை, விமானிக்கு ஒரு துணைக் கண், அந்த அளவில்தான் இதை நம்ப வேண்டும்.

பார்வைக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி இருப்பதால் ரேடியோவைப் போலவே அணைக்கிறோம். ஆனால் உள்ளே ஓடுவது லினக்ஸ், ஒரு முழுக் கணினியின் இயங்குதளம். அதுவும் ராஸ்பெர்ரி பை பலகையில், 2023-ல் ஐந்தாம் மாடல் வருவதற்கு முன்பு, அணைக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது. பிடுங்குவதைத் தவிர என்ன செய்வார்கள், பாவம்!

பிடுங்கினால் என்ன ஆகும்? மளிகைக் கடையில் பார்த்திருப்பீர்கள். கடன் சொல்லி வாங்குவதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, கூட்டம் குறைந்ததும் பேரேட்டில் ஏற்றுவார்கள். லினக்ஸும் எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருந்துவிட்டுத்தான் கார்டில் எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் சீட்டு போச்சு. இதுகூடப் பரவாயில்லை. மெமரி கார்டுக்கு இன்னொரு குணம் உண்டு: ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் ஒரு பெரிய பகுதியையே வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அழிக்கும். அந்த வேளையில் மின்சாரம் போனால், நாம் தொடவே தொடாத கோப்பும் சேர்ந்து கெடலாம்.

நண்பருக்கு அதுதான் நடந்தது. அடுத்த வாரம் கேபிளைச் செருகினார், சிவப்பு விளக்கு எரிந்தது, வைஃபை பெயர் வரவே இல்லை. கார்டை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கோப்பு முறைமை முழுக்கப் பிழை. பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்து ஒருவாறு மீட்டேன். நியாயமாகப் பார்த்தால் பாதிப் பழி என்மேல். பறக்கும்போது கேட்டதையெல்லாம் பதிவு செய்து வைக்கும் வசதி அதில் உண்டு. ஆசைப்பட்டு அதை இயக்கி வைத்தது நான்தான். பதிவு ஓட ஓடக் கார்டில் இடைவிடாமல் எழுத்து நடக்கும். அதை நிறுத்தி வைத்திருந்தால், பிடுங்கினாலும் கார்டு அனேகமாகப் பிழைத்திருக்கும்.

சரி, ஒழுங்காக அணைப்பது எப்படி? டேப்லெட்டில் ஸ்ட்ராடக்ஸின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 'ஷட்டவுன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தியதும் வைஃபை மறையும். உடனே கையை நீட்டாமல் இன்னும் பத்துப் பதினைந்து விநாடி பொறுக்க வேண்டும். என் வீட்டுக் கூரையில் மூன்றாம் மாடல் பை ஒன்று விமானம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை அணைத்தால் பச்சை விளக்கு சீராகப் பத்து முறை கண்சிமிட்டிவிட்டு ஓயும், நானும் கூடவே எண்ணுவேன். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

தனிப் பொத்தான் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பை பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளை 'பின்' என்பார்கள்; அவற்றில் ஐந்தாம் பின்னுக்கும் ஆறாம் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன அழுத்துபொத்தான், அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் எழும். கூரைப் பெட்டிக்கு இது அருமை. விமானப் பெட்டியில் ஒரு சிக்கல்: விமானத்தின் சாய்வைக் காட்டும் சென்சாரை இணைத்திருந்தால் அந்த ஐந்தாம் பின் அதற்குப் போய்விடும். வேறு பின்னில் பொத்தானை வைக்கலாம், ஆனால் அணைக்க மட்டும்தான் உதவும், எழுப்பாது.

விமானத்தின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் சட்டென்று விழும். அந்த நேரத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். அதைவிடப் பவர் பேங்க் நல்லது. அதிலும் சில, சார்ஜரைச் செருகும் கணத்தில் வெளியே போகும் மின்சாரத்தை ஒரு நொடி வெட்டிவிடும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு உண்மையில் பிடித்த வழி வேறு. மனிதருக்குப் பாடம் சொல்வதைவிடப் பெட்டியைத் திருத்துவது சுலபம். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியில் 'ஓவர்லே' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால் கார்டு படிக்க மட்டும்தான். எழுதுவதெல்லாம் நினைவகத்தோடு சரி, அணைத்ததும் மறைந்துவிடும். அப்புறம் பிடுங்கினாலும் கெடுவதற்கு அதிகம் இல்லை. என் கூரைப் பெட்டியில் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மட்டும் அதை நீக்கிவிட்டு மாற்ற வேண்டும். ஒருமுறை அதை மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்க அமைப்புகளை மாற்றி, மறுநாள் காலை அத்தனையும் பழையபடி நிற்பதைப் பார்த்தேன்.

நண்பரின் பெட்டிக்கு அது வேண்டாம் என்றார், பதிவு வேண்டுமாம். அதனால் அவருடைய அட்டையில் இப்போது, ரேடியோவை அணைக்கும் வரிக்கும் மேலே, பேனாவால் 'பெட்டி ஷட்டவுன்' என்று எழுதியிருக்கிறது. அதை அழுத்திவிட்டு ரேடியோ, சிவப்புக் குமிழ், சாவி, மாஸ்டர் என்று அவர் முடிப்பதற்குள் பெட்டி தன் கணக்கை எழுதி முடித்திருக்கும். பிறகு கேபிளைப் பிடுங்குகிறார், அதே படக்கோடு.

வணக்கம்.